இல்லாத எந்திரத்துக்குக் கணக்கு எழுதிய சீமாட்டி

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவுக்கு 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அடா என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது கணவன்-மனைவி தகராறு முற்றியது. தாய் அன்னபெல்லா கைக்குழந்தையுடன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். சில மாதங்களில் பைரனும் இங்கிலாந்தை விட்டு வெளியேறினார். 1824-ல் கிரீஸ் நாட்டில் காய்ச்சலால் இறந்தார். அதுவரை மகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

தகப்பன் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாதே என்று தாய் பயந்தார். அதற்கு அவர் கண்ட மருந்து கணக்கு! வீட்டுக்கே ஆசிரியர்களை வரவழைத்துப் பாடம் சொல்ல வைத்தார். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம் அது.

12 வயதில் அடாவுக்குப் பறக்க ஆசை. பறவைகளின் இறக்கைகளை ஆராய்ந்து, தனக்கு இறக்கை செய்யத் திட்டம் போட்டார். 13 வயதில் மணல்வாரி அம்மை வந்தது. கால்கள் விழுந்துவிட்டன. நெடுநாள் படுக்கையில் கிடந்து, பிறகு கட்டைகளை ஊன்றி நடந்தார்.

பித்தளைச் சக்கரங்கள்

1833-ல் ஒரு விருந்தில் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜை அடா சந்தித்தார். பல்சக்கரங்களால் தானே கணக்குப் போடும் எந்திரம் ஒன்றின் ஒரு பகுதியை அவர் செய்து வைத்திருந்தார். 17 வயதுப் பெண் அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டார். அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது.

1835-ல் அடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவருக்கு 1838-ல் பட்டம் கிடைத்தது. அடா, லவ்லேஸ் சீமாட்டி ஆனார். மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகும் கணக்குப் படிப்பை அவர் விடவில்லை.

இதற்குள் பாபேஜ் இன்னும் பெரிய எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் அது செய்யும். என்ன செய்ய வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் சொல்லும். பூ வேலை நெய்யும் ஜக்கார்டு தறியில் பார்த்த யோசனை அது. நம் பட்டு நெசவாளர்களுக்கும் அந்த அட்டை தெரிந்ததுதான்.

ஆனால் எந்திரம் காகிதத்தில்தான் இருந்தது. முதல் எந்திரத்துக்கு 17 ஆயிரம் பவுன் செலவழித்த அரசாங்கம், 1842-ல் கையை விரித்துவிட்டது.

25 படிகள்

அதே ஆண்டு மெனபிரியா என்ற இத்தாலியர், புது எந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். (பிற்காலத்தில் இத்தாலியின் பிரதமரானவர் இவர்.) அடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சொந்தமாகவும் எழுதலாமே என்றார் பாபேஜ். அடா ஏழு குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அவை கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டன!

கடைசிக் குறிப்புக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய கணக்கு. 1, 2, 3 என்று வரிசையாக எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பலமுறை பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட ஒரு குறுக்கு வழி உண்டு. அதற்குச் சில எண்கள் வேண்டும். சுவிஸ் நாட்டு மேதை ஜேக்கப் பெர்னூலி கண்டுபிடித்தவை அவை. 1713-லேயே அச்சில் வந்துவிட்டன.

கணக்கு பழையது. அதைச் செய்யப்போவது எந்திரம். அங்கேதான் சிரமம்.

சமையல் தெரிந்தவரிடம் ரசம் வை என்றால் போதும். எந்திரத்திடம் புளியை எடு, தண்ணீரில் கரை, அடுப்பில் ஏற்று என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். எந்த எண்ணை எதனால் பெருக்குவது, விடையை எந்தச் சக்கர வரிசையில் வைப்பது, எந்தப் படிகளைத் திரும்பச் செய்வது, எல்லாவற்றையும் அடா 25 படிகளாக அட்டவணை போட்டார். 13 முதல் 23 வரை உள்ள படிகள் திரும்பத் திரும்ப வரும்.

பாபேஜும் உதவினார். அவர் போட்டுக் கொடுத்த கணக்கில் பெரிய தப்பு ஒன்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர் அடாதான். அட்டவணையைப் பென்சிலால் எழுதினார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் மையால் எழுதிக் கொடுத்தார்.

1843-ல் அது அச்சாயிற்று. ஆசிரியர் பெயருக்குப் பதில் மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன.

பாபேஜ் தம் எந்திரத்துக்கு முன்பே சில சிறு கணக்குகளை எழுதிப் பார்த்திருந்தார். ஆனாலும் இப்படி முழுக் கணக்கைப் படிப்படியாக எழுதி உலகுக்குக் கொடுத்தது அடாவின் அட்டவணைதான். அதை ஓட்டிப் பார்க்க எந்திரம் மட்டும் இல்லை!

கடைசி நாட்கள்

பிற்கால வாழ்க்கை கஷ்டமாயிற்று. குதிரைப் பந்தயத்தில் அடா பணத்தை இழந்தார். குடும்ப வைரங்கள் அடகுக்குப் போயின. பிறகு புற்றுநோய் கண்டது. 1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி, 36-வது வயதில் இறந்தார். தந்தை இறந்ததும் அதே வயதில்தான். நினைவு தெரிந்து பார்த்தேயிராத அந்தத் தந்தையின் பக்கத்திலேயே, ஹக்னால் ஊர்த் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பாபேஜும் 1871-ல் காலமானார். எந்திரம் முழுமை பெறவில்லை.

விமானம், ராணுவத் தளவாடம் முதலியவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்காக அமெரிக்க ராணுவ இலாகா ஒரு புது மொழியை உருவாக்கியது. அதற்கு அடா என்றே பெயர் சூட்டினார்கள். அவர் பிறந்த நாளான டிசம்பர் 10-ந் தேதி, 1980-ல் அந்த மொழிக்கு அங்கீகாரம் கிடைத்தது. அதன் விதிப் புத்தகத்துக்கு இட்ட எண் 1815.

இப்போது அடாவின் 25 படிகளைப் புதிய கம்ப்யூட்டர் மொழிகளில் எழுதி ஓட்டிப் பார்க்கிறார்கள். அச்சான அட்டவணையின் நாலாவது படியில் ஒரு பிழை தெரிகிறது. 7-ஐ 9-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில், 9-ஐ 7-ஆல் வகுக்கும்படி இருக்கிறது. பக்கத்திலேயே வர வேண்டிய விடை மட்டும் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் படிப்பவர் அதைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். கம்ப்யூட்டர் சொன்னபடியே வகுத்துவிட்டு, தப்பான விடையை நீட்டுகிறது.