மரியான் நோர்த் (1830 – 1890)

மாணவர்களே, சித்திர பாடத்தில் பூ ஒன்றை வெள்ளைத் தாளில் தனியே வரைந்து பழகியிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரங்களை வரைந்தோர் பெரும்பாலும் அவ்வாறே செய்தனர். அச்செடி வளர்ந்த மண்ணும் மலையும் தாளில் இருப்பதில்லை. அவற்றையும் சேர்த்து, எண்ணெய் வர்ணத்தில், செடி நின்ற இடத்திற்கே சென்று வரைந்தவர் மரியான் நோர்த்.

இவர் 1830 இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரிற் பிறந்தார். தந்தை பாராளுமன்ற உறுப்பினர். அவர் 1869 இல் காலமானபின், மணம் முடிக்காத மரியான் தூரிகைகளுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். 1871 தொடக்கம் 1885 வரை ஐக்கிய அமெரிக்கா, ஜமேக்கா, பிரேசில், யப்பான், இந்தியா, தென்னாபிரிக்கா, சிலி முதலிய நாடுகளுக்குச் சென்றார். சார்ள்ஸ் டார்வினின் ஆலோசனைப்படி அவுஸ்திரேலியாவுக்கும் போனார். கையிற் பணமும் ஆளுநர்களுக்கான அறிமுகக் கடிதங்களும் இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். எல்லோருக்கும் கிட்டக்கூடிய வாய்ப்பல்ல அது.

இலங்கைக்கும் வந்தார். பேராதனைப் பூங்காவில் ஓவியம் தீட்டினார். அக்காலத்திற் களுத்துறையில் வாழ்ந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரன், 1877 இல் இவரைப் படம் பிடித்தார்.

கலிபோர்னியாவில் வானளாவிய ரெட்வூட் மரங்கள் பலகைக்காக வெட்டிச் சாய்க்கப்படுவதைக் கண்டு இவர் மிகவும் மனம் நொந்தார். மீண்டும் வளரப் பல நூற்றாண்டுகள் எடுக்கும் மரங்கள் அவை.

ஆனால் ஓவியமும் தீங்கிற்கு வழிகாட்டலாம். போர்னியோத் தீவின் சரவாக்கில், சுண்ணக்கல் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுக்கப்பட்ட பூச்சியுண்ணும் கெண்டித் தாவரம் ஒன்றை இவர் வரைந்தார். அது அறிவியலுக்குப் புதிய இனம். ஓவியத்தைக் கண்ட வீச் என்னும் ஆங்கிலேயச் செடி வியாபார நிறுவனம் அதைத் தேடி ஆளனுப்பிற்று. 1881 இல் யோசப் ஹூக்கர் அதற்கு நெப்பெந்திசு நோர்த்தியானா என இவரது பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் சேகரிப்போர் பலர் அதனைப் பிடுங்கிச் சென்றமையால், இன்று அது அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாக உள்ளது. வரைந்தவரைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் இதனைச் சொல்லாமல் அவரது வரலாற்றை முடிக்க இயலாது.

தமது ஓவியங்களை லண்டன் கியூ பூங்காவுக்கே வழங்கிய இவர், அவற்றுக்கான கட்டடத்தையும் சொந்தச் செலவிற் கட்டுவித்தார். பார்வையாளருக்குத் தேநீரும் கோப்பியும் வழங்கவேண்டும் என்ற அவரது விருப்பத்தை மட்டும் பூங்கா ஏற்கவில்லை. அவரோ தேயிலை, கோப்பிச் செடிகளை அங்கே கதவுகளின் மேல் வரைந்துவிட்டார்! 1882 இல் திறக்கப்பட்ட அக்கூடத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள், நாடுவாரியாக, இடைவெளியின்றிச் சுவரை நிறைத்திருக்கின்றன. இலங்கையில் வரைந்தவையும் அவற்றுள் அடங்கும்.