சுல்தான் கான்: இறந்து கிட்டத்தட்ட 58 ஆண்டுகள் கழித்து கிராண்ட்மாஸ்டர் ஆனவரின் கதை

2024-ம் ஆண்டை இந்திய செஸ் ரசிகர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். அந்த டிசம்பரில்தான் சென்னையைச் சேர்ந்த குகேஷ், 18 வயதில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். பல பேருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அன்று அவர்தான்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு செய்தியும் வந்தது. நம்மில் பலர் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, மீர் சுல்தான் கான் என்பவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அறிவித்தது. அதை வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை. 1966-லேயே இறந்துவிட்டார்.

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் யார் என்று கேட்டால், விஸ்வநாதன் ஆனந்த், 1988 என்று டக்கென்று சொல்லிவிடுவோம். பதிவேட்டின்படி அது சரிதான். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, இந்தியாவிலிருந்து கிளம்பிப்போன ஒருவர் உலகின் முன்னணி வீரர்களைத் தோற்கடித்திருக்கிறார். அவர் பெயர் ஏன் இவ்வளவு நாள் பட்டியலில் இல்லை?

யார் இந்த சுல்தான் கான்?

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில், மிதா திவானா என்ற ஊரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. சதுரங்கத்தைச் சிறு வயதில் அப்பாவிடம் கற்றுக்கொண்டார். 21 வயதில் பஞ்சாபின் மிக வலுவான ஆட்டக்காரர் என்று பேர் வாங்கினார்.

அவருடைய திறமையைக் கவனித்தவர் சர் உமர் ஹயாத் கான் திவானா. பெரிய நிலக்கிழார், ராணுவ அதிகாரி, பிரிட்டிஷ் அரசுக்கு நெருக்கமானவர். சுல்தான் கானை ஆதரித்ததும், அவருக்கு ஐரோப்பிய செஸ் விதிகள் பழக்கமாக ஏற்பாடு செய்ததும் அவர்தான். 1928-ல் நடந்த அகில இந்தியப் போட்டியில் 8 வெற்றி, 1 டிரா. ஒரு தோல்விகூட இல்லாமல் சுல்தான் கான் சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் சர் உமர் லண்டன் கிளம்பியபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

விதி மாறினால் என்ன ஆகும்?

அப்போது இந்தியாவில் ஆடிய சதுரங்கம், நாம் இப்போது மொபைலில் ஆடும் செஸ் இல்லை. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போக முடியும். கேஸ்ட்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். கடைசி வரிசையை எட்டும் சிப்பாய், நாம் விரும்பும் காயாக மாறாது. குதிரை நிற்கும் வரிசையில் போய்ச் சேர்ந்தால் குதிரை, யானை வரிசையில் சேர்ந்தால் யானை.

இதனால் ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். ஐரோப்பிய வீரர்களோ முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைப் புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். சுல்தான் கானுக்கு அந்த ஓபனிங் அறிவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், டொமைனே புதுசு, ஆன்போர்டிங்கும் கிடையாது.

லண்டனில் அவருக்காகவே ஒரு பயிற்சிப் போட்டி நடத்தினார்கள். அதில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அங்கே அவரை முந்திய வில்லியம் வின்டர், ஃபிரெடரிக் யேட்ஸ் ஆகிய இருவருமே பிறகு அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில மாதங்களில், 1929 கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் நடந்தது. ஜெயித்தது சுல்தான் கான்.

நம்பர்கள் என்ன சொல்கின்றன?

ஜெயித்த கையோடு ஊர் திரும்பியவர், 1930 மே மாதம் மறுபடி ஐரோப்பா வந்தார். 1933 டிசம்பரில் மொத்தமாகத் திரும்பிவிட்டார். ஆக, அவருடைய சர்வதேச வாழ்க்கை ஐந்து வருஷத்துக்கும் குறைவு. அதற்குள் செய்தவை இவை:

• பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் 4 முறை ஆடினார், 3 முறை பட்டம் வென்றார் (1929, 1932, 1933).

• 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்காவைத் தோற்கடித்தார். அந்தப் போட்டியில் முதல் இடம் மேக்ஸ் ஊவேவுக்கு, இரண்டாவது கபாபிளாங்காவுக்கு, மூன்றாவது சுல்தான் கானுக்கு. இந்த ஊவே 1935-ல் உலக சாம்பியன் ஆனவர்.

• 1931-ல் டார்டகோவருடன் 12 ஆட்டங்கள் கொண்ட நேரடி மோதலில் 6.5 - 5.5 என்று வென்றார். அடுத்த ஆண்டு ஃப்ளோரிடம் 2.5 - 3.5 என்று நூலிழையில் தோற்றார்.

• இங்கிலாந்து அணிக்காக 3 ஒலிம்பியாட்களில் (ஹாம்பர்க் 1930, பிராக் 1931, ஃபோக்ஸ்டோன் 1933) முதல் போர்டில் ஆடினார். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 48 ஆட்டங்கள்: 21 வெற்றி, 17 டிரா, 10 தோல்வி. அதாவது 61 சதவீதத்துக்கு மேல் புள்ளிகள்.

இதில் பிராக் முக்கியமானது. ஹாம்பர்க்கில் சில அணிகள் அவரைக் குறைவாக எடைபோட்டு, தங்கள் இரண்டாவது, மூன்றாவது ஆட்டக்காரரை அவர் எதிரில் உட்கார வைத்தன. பிராக்கில் எதிராளிகள் இன்னும் வலுவானவர்கள். ஆனால் அவருடைய புள்ளி சதவீதம் 64.7-லிருந்து 67.6 ஆக உயர்ந்தது. அங்கே ரூபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் வென்றார். அப்போதைய உலக சாம்பியன் அலெக்கைனுடன் டிரா செய்தார்.

இதையெல்லாம் மலேரியாவோடும், ஒத்துக்கொள்ளாத இங்கிலாந்துக் குளிரோடும் போராடிக்கொண்டே செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் ஏன் நிறுத்திவிட்டார்?

1933 டிசம்பரில் சர் உமர் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அவ்வளவுதான். அன்றைக்கு ஸ்பான்சரோ, ரேட்டிங் பட்டியலோ, ஆன்லைன் போட்டியோ கிடையாது. ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றிவிட ஒரு புரவலர் வேண்டும். அவர் வீடு திரும்பினால் ஆட்டமும் முடிந்தது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்தது அல்ல. சர் உமரின் லண்டன் வீட்டில் ஃபாத்திமா என்ற பெண்ணும் இருந்தார். 1933-ல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன்ஷிப்பை 10 வெற்றி, 1 டிராவுடன் வென்றவர். அவரும் ஊர் திரும்பினார். அதோடு செஸ் உலகம் அவரை மறந்தேபோனது.

1935-ல் இந்திய வீரர் வி.கே.கடில்கருடன் சுல்தான் கான் 10 ஆட்டங்கள் ஆடினார். ஒன்று டிரா, மற்ற ஒன்பதும் வெற்றி. திறமை எங்கேயும் போய்விடவில்லை என்பதற்கு இதுவே போதும். அதன்பிறகு பெரிய போட்டி எதிலும் அவரைப் பார்க்க முடியவில்லை. சொந்த மண்ணில் விவசாயமும் குடும்பமுமாக வாழ்ந்தார். 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் காசநோயால் இறந்தார்.

வேலைக்காரர் என்பது உண்மையா?

சுல்தான் கான் பற்றி இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் ஒரே கதைதான்: படிக்கத் தெரியாத வேலைக்காரர், பிறவி மேதை. அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் தன் நினைவுகளில், சர் உமர் வீட்டு விருந்தில் சுல்தான் கானே உணவு பரிமாறியதாக எழுதினார். அது பல புத்தகங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

குடும்பத்தினர் இதை மறுக்கிறார்கள். அவர் வேலைக்காரர் அல்ல, எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஊரில் நிலமும் மரியாதையும் உள்ள குடும்பம் என்று அவருடைய பேத்தி விரிவாகவே எழுதியிருக்கிறார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பல பத்தாண்டுகளாக இந்தக் கதையைச் சொன்னவர்கள் வெளியிலிருந்து அவரைப் பார்த்தவர்கள். பிறவி மேதை என்று சொல்லும்போது அது பாராட்டாகத்தான் கேட்கும். ஆனால் பஞ்சாபில் வருஷக்கணக்கில் ஆடிப் பழகிய உழைப்பு அந்த வார்த்தையில் காணாமல் போய்விடுகிறது.

1950-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டுதான் ஃபிடே முதல் முறையாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை அதிகாரபூர்வமாக வழங்கியது. மொத்தம் 27 பேர். சுல்தான் கான் அப்போது உயிரோடு இருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ஆடுவதை நிறுத்தியவர்களுக்குப் பட்டம் இல்லை என்று விதி இருந்ததா? இல்லை. 1930-களின் தொடக்கத்திலேயே போட்டிகளை விட்டுவிட்ட ரூபின்ஸ்டைன் அந்த 27 பேரில் ஒருவர். பிராக்கில் சுல்தான் கானிடம் தோற்ற அதே ரூபின்ஸ்டைன்தான். டார்டகோவர், ஃப்ளோர் ஆகியோருக்கும் பட்டம் கிடைத்தது.

சுல்தான் கான் பிறந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். ஆடியது இங்கிலாந்துக்காக. 1950-ல் வாழ்ந்தது புதிதாகப் பிறந்த பாகிஸ்தானில். இந்த மூன்றில் எந்த நாடு அவரை நம்ம ஆள் என்று எடுத்துச் சொல்லியிருக்கும்?

74 ஆண்டுகள் கழித்து, ஃபிடே தலைவர் ஆர்காடி ட்வோர்கோவிச் இஸ்லாமாபாத்தில் பாகிஸ்தான் காபந்துப் பிரதமரிடம் அந்தப் பட்டத்தை ஒப்படைத்தார். இதன் மூலம் பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற பெயர் சுல்தான் கானுக்குக் கிடைத்தது.

இன்று இந்தியாவில் 80-க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பயிற்சி மையங்கள், ஸ்பான்சர்கள், அரசு உதவி, கூடவே பயணம் செய்யும் பெற்றோர் என்று ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. சுல்தான் கானுக்கு இருந்தது ஒரே ஒரு மனிதரின் ஆதரவு. அடுத்த முறை செஸ் பட்டியல் எதையாவது பார்க்கும்போது, யார் முதலிடம் என்பதோடு நிறுத்தாமல், பெயரே வராமல் போனவர்கள் யார் என்றும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.