பிளேக் காலத்துத் தாய்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், பம்பாய் நகரின் மாண்டவிப் பகுதியில் ஒரு கொடுங்காய்ச்சல் தலைகாட்டியது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். சில நாளில் உயிர் பிரியும். டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பார் அது பிளேக் என்று கண்டுரைத்தார். நகரம் கலைந்தது. இலட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் சொந்த ஊர்களுக்கு ஓடினர். பஞ்சாலைத் தொழிலாளர் அவருள் மிகப் பலர். ஓடியவரோடு நோயும் ஓடிற்று, பூனாவையும் பற்றிக்கொண்டது.

அரசினர் நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்குச் சென்றோர் மீளார் என்ற பேச்சு பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் ஆயிரம் பேர் அளவில் திரண்டு, ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். இதைப் படித்து அறியாமை என்று நகைப்போர் உண்டு. தறியண்டை நின்று உழைத்த நமக்கு நகைப்பு வரவில்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதும், ஏழையின் உடலை எவரும் மதிப்பதில்லை என்பதும் நாம் பட்டறிந்தவை. அச்சத்தால் மக்கள் நோயாளரை ஒளித்து வைத்தனர். ஒளிந்து கிடப்போரிடம் மருத்துவம் எவ்வாறு சென்று சேரும்?

அவர்களைத் தேடிச் சென்றவருள் ஒருவர் சாவித்திரிபாய் பூலே அம்மையார்.

சாத்தாரா மாவட்டத்து நாய்காவில் 1831 ஜனவரி 3 அன்று பிறந்தவர் அம்மையார். ஒன்பதாம் வயதில் ஜோதிராவ் பூலேயை மணந்தார். கணவரிடமே எழுத்தறிந்து, 1848-இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்து ஆசிரியையானார். தெருவில் அவர்மீது சேறும் சாணமும் வீசினர். மாற்றுப் புடவையொன்றைக் கையோடு கொண்டு சென்றார். 1868-இல் இத்தம்பதிகள் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோர்க்குத் திறந்துவிட்டனர். கைவிடப்பட்ட விதவை ஒருத்தியின் மகவை எடுத்து வளர்த்தனர். அம்மகவே பின்னர் மருத்துவரான யஷ்வந்த். 1890-இல் ஜோதிராவ் மறைந்தபோது, பெண்ணுக்கு உரிமையில்லை என்றிருந்த இறுதிக்கடன் சட்டியை அம்மையாரே ஏந்தி முன் நடந்தார்.

இவர் பௌத்தர் அல்லர். தீட்சை பெற்றவரும் அல்லர். பின் நம் ஏட்டில் ஏன் எழுதுகிறோம்? பாபாசாகேப் அம்பேத்கர் புத்தரையும் கபீரையும் ஜோதிராவையுமே தம் குருமார் என்று கொண்டார். அன்றியும், துர்நாற்றத்தில் கிடந்த பிக்குவை எவரும் அணுகாதபோது, பகவன் புத்தர் ஆனந்தருடன் சென்று தம் கையாலேயே நீராட்டி, தூக்கிப் படுக்கையில் கிடத்தினார் என்று விநயம் கூறுகிறது. அக்காட்சியை நாம் பூனாவில் மறுபடியும் காண்கிறோம்.

1897-இல் அம்மையாருக்கு அகவை அறுபத்தாறு. இராணுவ மருத்துவராயிருந்த யஷ்வந்தை வரவழைத்து, ஊருக்குப் புறத்தே ஹடப்சர்ப் பக்கம் சாசனே தோட்டத்தில் மருத்துவ நிலையம் அமைத்தார். நோயைத் தீர்க்கும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. நோயாளரைத் தூய காற்றில் கிடத்தி, நீரும் கஞ்சியும் ஊட்டி, அருகிருந்து பேணுதலே ஆகக்கூடியது. அதைச் செய்யவும் கைகள் வேண்டுமன்றோ! பெற்ற பிள்ளையைத் தொடவும் மக்கள் அஞ்சிய நேரம் அது. சேரி மக்களையோ நோயற்ற நாளிலும் எவரும் தொடார். அவர்களுக்கு இரு தீண்டாமைகள் ஒருங்கே வந்தன.

முண்டுவா மகார் சேரியில் பாண்டுரங் என்னும் சிறுவன் நோயில் விழுந்தான் என்று கேட்டதும் அம்மையார் அங்கே விரைந்தார். சிறுவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு நிலையத்துக்கு நடந்தார். உதவிக்கு ஆள் தேடி நிற்கவில்லை. மகார் குலத்தில் பிறந்த பாபாசாகேப் அவ்வேளை ஆறு வயதும் நிறையாத பாலகர் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி என்று சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டறிந்தது 1898-இல். அம்மையார் அதை அறியார். ஆயினும் இது தொற்றிக்கொல்லும் நோய் என்பதை நன்றாக அறிந்தே தொட்டார். நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச்சு 10 இரவு உயிர் பிரிந்தது. சில நாள் கழித்துப் பூனாவில் சிப்பாய்கள் நோயாளரைத் தேடி வீடு வீடாகப் புகுந்தனர்.

அவர் சுமந்து வந்த சிறுவன் பிழைத்துக்கொண்டான்.