கமரன் சீமாட்டியின் கமரா

கடந்த நோன்புப் பெருநாளன்று என் உம்மும்மாவைக் கைபேசியில் நாற்பது தடவையாவது படம் பிடித்திருப்பேன். புருவ மயிரைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் ஒன்றிலும் என் உம்மும்மா இல்லை. படம் என்றதுமே முக்காட்டை இழுத்துவிட்டு, தாடையை இறுக்கி, அடையாள அட்டைக்கு அமர்ந்தவர் போல ஆகிவிட்டார். வீட்டில் அவருக்கென்று இருப்பதும் அந்த அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அந்தக் கவலை மனதில் இருந்த நாட்களில்தான் ஜூலியா மார்கரெட் கமரனைப் பற்றி வாசித்தேன்.

கமரன் என்ற பெயர் உயர்தரத்தில் வரலாறு படிக்கும் நமக்குப் புதிதல்ல. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவை எத்தனை தடவை மனனம் செய்திருப்போம்! அந்தச் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவிதான் ஜூலியா. புகைப்பட உலகம் இன்றும் போற்றும் அந்தப் பெண்மணி நம் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதை நான் எந்தப் பாடக்குறிப்பிலும் கண்டதில்லை.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. 1838இல் தன்னைவிட இருபது வயது மூத்த கமரனை மணந்தார். பத்து ஆண்டுகளின் பின் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைட் தீவில் வாங்கிய வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். இலங்கையில் அவர்களுக்கிருந்த கோப்பித் தோட்டத்தின் நினைவாக வந்த பெயர் அது. நம் திம்புள்ளைதான் அங்கே போய் டிம்போலா ஆகியிருக்கிறது.

1863 டிசம்பரில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை வந்திருந்தார். தனித்திருந்த தாய்க்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு வயது 48, ஆறு பிள்ளைகளின் தாய். அந்த வயதில் அவர் புதிதாக ஒரு வித்தையைக் கற்கத் தொடங்கினார். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையானது. கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமானது. கோழிகள் என்னவாயின என்பதுதான் என் கவலை!

அக்காலத்தில் படம் பிடிப்பது விளையாட்டல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத்திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் வைத்துப் படமெடுத்து, உடனேயே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். கைகளும் உடுப்பும் கறுத்துப்போகும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தையே தன் முதல் வெற்றியாக ஜூலியா கருதினார்.

மற்றப் படப்பிடிப்பாளர்கள் ஆளைத் தூண்களுக்கும் திரைச்சீலைகளுக்கும் நடுவே நிறுத்தி, தலை முதல் கால் வரை கூர்மையாக எடுத்தார்கள். ஜூலியா கமராவை முகத்தருகே கொண்டுபோனார். பின்னால் கறுப்புத் துணி, யன்னல்களை மறைத்து ஒரு பக்கத்தால் மட்டும் வெளிச்சம். வில்லையைத் திருப்பும்போது தன் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்திலேயே நிறுத்திவிடுவார், முழுக் கூர்மை வரும்வரை போகமாட்டார். படங்கள் மங்கல், கைரேகையும் கீறலும் நிறைந்தவை என்று அக்காலப் புகைப்படச் சஞ்சிகைகள் கண்டித்தன. அவர் தன் வழியிலேயே போனார்.

1867இல் வானியலாளர் ஜோன் ஹேர்ஷலைப் படம் பிடிக்குமுன் தலையைக் கழுவி, முடியைக் குலைத்துவிடச் செய்தார். அந்தப் படத்தில் வெள்ளை முடி ஒளிவட்டம் போல் எழுந்து நிற்கிறது. முதுமையை மறைக்காமல், அதன் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வெளிச்சம் கொடுத்திருக்கிறார். கவிஞர் டெனிசன், கார்லைல், டார்வின் எல்லோரும் அவர் முன் அமர்ந்தார்கள். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும் அமர்ந்தார், எத்தனையோ படங்களில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாத்திரமாக.

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். களுத்துறையில் வசித்தபோது, விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்தைக் கொதிக்கும் வெயிலில் சால்வையால் போர்த்திப் படம் பிடித்தாராம். 1879 ஜனவரி 26இல் தோட்டத்து வீட்டில் ஜூலியா காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் அவரருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கே அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் ஊரவரும் இருக்கிறார்கள். 1878இல் எடுத்த களுத்துறைக் கிராமத்தவர் படம் ஒன்றில் ஒரு சிறுமியும் முதியவரும் நிற்கிறார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது என்றும், அவர் தன்னை அவளது தந்தை, வயது நூறு என்று சொல்வதாகவும் ஜூலியா குறித்துவைத்தார். பெயர் மட்டும் இல்லை. டெனிசனின் பெயரும் மேரி ஹில்லியரின் பெயரும் நமக்குத் தெரிகின்றன. நம் நாட்டு முகங்களுக்கு அவர் பெயர் கேட்கவில்லை. அவரை எவ்வளவு மெச்சினாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சென்ற வாரம் உம்மும்மாவின் கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டேன். மற்ற யன்னலைச் சாத்தினேன். கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணிநேரம் கதை கேட்டேன். மூத்த மாமாவின் சிறுவயதுக் குறும்பைச் சொல்லிக் கை அசைத்துச் சிரித்தபோது ஒரேயொரு படம் எடுத்தேன். கை அசைந்து மங்கிவிட்டது. முகம் உம்மும்மாவினுடையது. உம்மா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சிட்டெடுத்துப் பின்புறத்தில் உம்மும்மாவின் முழுப்பெயரையும் ஊரையும் எழுதினேன். வயதைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.