பகலில் ஆபீஸ், ராத்திரியில் வானம்... கோபர்நிகஸின் 30 வருஷத் தயக்கம்!

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது. இன்னிக்கு ஸ்கூல் பசங்களுக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம். ஆனால், இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய மனிதர், எழுதியதை அச்சுக்குக் கொடுக்க கிட்டத்தட்ட 30 வருஷம் தயங்கினார். அவர், நிக்கோலஸ் கோபர்நிகஸ். இன்னொரு ஆச்சர்யம், வானியல் அவருக்குச் சம்பளம் தந்த வேலையே கிடையாது!

மாமன் போட்ட ரூட்

1473 பிப்ரவரி 19 அன்று போலந்தின் டோருன் நகரில் பிறந்தார். அப்பா செம்பு வியாபாரி. கோபர்நிகஸுக்கு 10 வயசு இருக்கும்போது அப்பா இறந்துவிட, பிள்ளைகளைத் தாய்மாமன் லூகாஸ் வாட்சன்ரோடே பார்த்துக்கொண்டார். பின்னாளில் வார்மியா பகுதிக்கே பிஷப் ஆனவர் இந்த மாமன். மருமகனுக்கு சர்ச் நிர்வாகத்தில் நிரந்தர வேலை வாங்கித் தரணும் என்பது அவர் பிளான்.

கிராக்கோவில் படிப்பு. அப்புறம் 1496-ல், சட்டம் படிக்க இத்தாலியின் போலோன்யாவுக்கு. ஆனால், மனசு போனதோ வானத்தின் பக்கம். வானியல் பேராசிரியர் நோவாராவுடன் சேர்ந்துகொண்டார். 1497 மார்ச் 9 இரவு, ரோகிணி நட்சத்திரத்தை நிலா மறைப்பதைப் பார்த்துக் குறித்துவைத்தார். பிறகு பதுவாவில் மருத்துவம். 1503-ல் ஃபெராராவில் சட்டத்தில் டாக்டர் பட்டம்.

ஒரே ஆள், ஏகப்பட்ட வேலை

ஊர் திரும்பியதும் மாமனுக்கு டாக்டரும் அவரே, செக்ரட்டரியும் அவரே. 1509-ல் கிரேக்கக் கடிதங்களை லத்தீனில் மொழிபெயர்த்துப் புத்தகம் போட்டார். ஓல்ஸ்டின் கோட்டையை நிர்வகித்தபோது, கைவிடப்பட்ட நிலங்களில் விவசாயிகளைக் குடியமர்த்தினார். 1521-ல் ட்யூட்டானிக் வீரர்கள் அந்தக் கோட்டையைத் தாக்க வந்தபோது, பாதுகாப்புப் பொறுப்பும் அவர் தலையில்தான்.

பொருளாதாரத்தையும் விடவில்லை. வெள்ளி குறைந்த மட்டமான நாணயம் புழக்கத்துக்கு வந்தால், ஜனங்கள் நல்ல நாணயத்தைப் பதுக்கிவிடுவார்கள். கடைசியில் கெட்டது மட்டும்தான் சந்தையில் சுற்றும் என்று எழுதிக் கொடுத்தார்.

மிச்ச நேரத்தில்தான் வானம். டெலஸ்கோப் வராத காலம். வெறும் கண்ணும், சில மரக் கருவிகளும்தான்.

வக்ரத்துக்கு விடை

செவ்வாய் சில சமயம் வானத்தில் பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். ஜோசியத்தில் வக்ரம் என்பார்களே, அதேதான். பூமி அசையாமல் நிற்கிறது என்ற தாலமியின் பழைய கணக்கில் இதை விளக்க, வட்டத்துக்குள் வட்டம் போட வேண்டியிருந்தது. கோபர்நிகஸ் சூரியனை நடுவில் வைத்தார். நம்ம பஸ் பக்கத்து பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது, அது பின்னால் போவதுபோலத் தெரியுமில்லையா? பூமி செவ்வாயை முந்தும்போதும் அதேதான்!

1514-க்கு முன்பே இதைச் சுருக்கமாக எழுதி, நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார். முழுப் புத்தகத்தை வெளியே விடவில்லை. ஊர் சிரிக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிரகங்கள் வட்டமாகவே சுற்றுகின்றன என்று அவரும் நம்பியதால், குட்டி வட்டங்கள் அவர் கணக்கிலும் தேவைப்பட்டன. அது நீள்வட்டம் என்று கெப்ளர் கண்டுபிடித்தது பிறகுதான்.

கதவைத் தட்டிய 25 வயசு இளைஞர்

1539-ல் ரெட்டிகஸ் என்ற 25 வயசு கணித ஆசிரியர், ஜெர்மனியிலிருந்து ஃப்ரோம்போர்க்குக்குத் தேடி வந்தார். கோபர்நிகஸ் கத்தோலிக்க சர்ச் அதிகாரி, ரெட்டிகஸோ புராட்டஸ்டன்ட். மதச்சண்டை உச்சத்தில் இருந்த நேரம். ஆனாலும் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். 1540-ல் ரெட்டிகஸ் ஓர் அறிமுக நூலை வெளியிட்டார். பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒருவழியாகப் பெரியவர் சம்மதித்தார்.

நியூரம்பெர்க்கில் அச்சு வேலை தொடங்கியது. பாதியில் ரெட்டிகஸ் வேறு ஊருக்குப் போக, பொறுப்பு ஓஸியாண்டர் என்ற பாதிரியாரிடம் போனது. அவரோ, இது கணக்குக்கான யூகம், உண்மையாக இருக்கத் தேவையில்லை என்று பெயர் போடாமல் ஒரு முன்னுரையைச் சேர்த்துவிட்டார். படித்தவர்கள் பலரும் அதை கோபர்நிகஸே எழுதியதாக நினைத்தார்கள். அது யார் வேலை என்பதை 1609-ல் கெப்ளர்தான் அச்சில் போட்டு உடைத்தார்.

இதைத் தட்டிக்கேட்கும் நிலையில் கோபர்நிகஸ் இல்லை. பக்கவாதத்தில் படுத்துக்கிடந்தவர், 1543 மே 24 அன்று இறந்தார். அச்சான புத்தகம் கடைசி நாளில்தான் அவர் கைக்கு வந்தது என்று நண்பர் கீசே எழுதிவைத்திருக்கிறார். 1616-ல், திருத்தும்வரை படிக்கக் கூடாது என்று சர்ச் தடை போட்டது.

ஃப்ரோம்போர்க் தேவாலயத்துக்குள், பெயர் பொறிக்காத இடத்தில்தான் அவரைப் புதைத்திருந்தார்கள். 2005-ல் கிடைத்த எலும்புகளை, அவர் பயன்படுத்திய ஒரு புத்தகத்தில் சிக்கியிருந்த தலைமுடியோடு ஒப்பிட்டு டி.என்.ஏ சோதனையில் உறுதிசெய்தார்கள். 2010-ல் அதே தேவாலயத்தில் மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. இப்போது கல்லறையில் கறுப்புக் கல் இருக்கிறது. அதில் நடுவில் தங்க நிறச் சூரியன். சுற்றிலும் 6 கிரகங்கள்!