மழையை அளந்த பெரியார் ஜோர்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கு நோக்கிக் கடலோரமாகச் செல்வோர் நிலாவெளியைக் கடந்ததும் இறக்கக்கண்டியை அடைவர். ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த அவ்வூரிலும், அதனைச் சார்ந்த வயல்நிலங்களிலும் வாழும் மக்களுக்கு ஐப்பசி தொடக்கம் தை வரை பொழியும் மாரியே ஆண்டு முழுவதற்குமுரிய செல்வமாகும். திருகோணமலையில் ஆண்டொன்றிற்குச் சராசரியாக ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்யும் என்று புவியியல் நூல்கள் கூறுகின்றன. நாமும் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதினோம். ஆயின் அந்த எண் எங்ஙனம் பிறந்தது, அதனை நம்பலாமா என்று வினவியவர் நம்முள் மிகச் சிலரே. அவ்வினாவையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டு சுருங்கக் கூறுவோம்.

ஜோர்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் 1838 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 6 ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். இளமையிலேயே தாமே அமைத்த கருவிகளைக் கொண்டு வானிலையை அவதானித்து எழுதி வந்தார். பதினேழு வயது நிரம்பிய காலத்தில், 1856 இல், பிரித்தானிய வானிலைச் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. பின்னர் வர்த்தகச் சபையின் வானிலைப் பகுதியில் உத்தியோகம் பெற்றார். அப்பகுதிக்குத் தலைவராக இருந்தவர், அறிஞர் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக விளங்கிய பிற்ஸ்ரோய் ஆவார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியிற் சில ஆண்டுகள் தொடர்ந்து மழை குன்றியது. நாட்டின் மழை நிரந்தரமாகவே குறைந்து வருகின்றதோ என மக்கள் அஞ்சினர். பெருகிவரும் நகரங்களுக்குக் குடிநீர் வழங்க வேண்டிய பொறியியலாளர் விடையறியாது திகைத்தனர். மழையை அளந்தோர் நாட்டில் இல்லாமலில்லை. குருமாரும் வைத்தியரும் நிலக்கிழாரும் தோட்டக்காரரும் தத்தம் வீட்டு முற்றங்களில் மழைமானிகளை வைத்திருந்தனர். ஆனால் ஒருவர் காலையில் அளந்தார். மற்றவர் மாலையில் அளந்தார். ஒருவருடைய மானி நிலத்தில் இருந்தது; மற்றவருடையது கூரைமேல் இருந்தது. அவர்களின் ஏடுகள் மேசை அறைகளிலே கிடந்து, அவர்கள் மறைந்தபின் அடுப்புக்கு இரையாயின. சிதறிக் கிடந்த இவ்வேடுகளை ஒன்று திரட்டினாலன்றி அச்சத்துக்கு விடை கிடையாது என்பதைச் சைமன்ஸ் கண்டார்.

1860 ஆம் ஆண்டுக்குரிய மழைக் கணக்கை 168 இடங்களிலிருந்து திரட்டி அவர் வெளியிட்டார். பணி வளர வளர உத்தியோகத்தையும் இதனையும் ஒருங்கே சுமத்தல் இயலாதாயிற்று. 1863 இல் உத்தியோகத்தைத் துறந்தார். அரசாங்கச் சம்பளத்தை விட்டு மழைத்துளியை நம்பிய அவரைக் கண்டு நகைத்தோரும் இருந்திருப்பர். அவ்வாண்டிலேயே அவர் பத்திரிகை வாயிலாக ஓர் அழைப்பு விடுத்தார். ஆண், பெண், முதியோர், இளையோர், செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி, ஒழுங்காக அளக்கும் உறுதியுள்ள யாவரும் வரலாம் என்பது அதன் கருத்து. தொண்டர் பெருந்தொகையாக முன்வந்தனர். அவர்களுக்கு ஊதியமில்லை, தம் கணக்கு அச்சில் வருதலைக் காண்பதே அவர்கள் பெற்ற பயன். சைமன்ஸ் மறையும் காலத்தில் அவரது அமைப்பைச் சேர்ந்த அளவிடங்கள் 3,500 க்கு மேற்பட்டிருந்தன.

திரட்டுதல் பணியின் ஒரு பாதியே. திரட்டியதைச் சோதித்தல் மறுபாதி. அதுவே அரிய பாதி. மழைமானி பார்வைக்கு மிக எளிய கருவி. ஒரு புனல், நீரைச் சேர்க்கும் ஒரு கலம், அளவுக் கோடிட்ட ஒரு கண்ணாடிக் குழாய், இவ்வளவே. எனினும் பிழை புகும் வழிகள் பல. எட்டு அங்குல வாயுடைய மானியின் அளவுகுழாய் உடைந்துபோக, ஐந்து அங்குல மானிக்குரிய குழாயை ஒருவர் வாங்கி வைத்தால், அன்று முதல் அவர் எழுதும் மழை உண்மை மழையின் இரண்டரை மடங்கிற்கும் அதிகமாகும். புனலின் விளிம்பு நசுங்கினாலும், கலத்திற் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்தாலும் கணக்குப் பொய்யாகும். மானியை வைத்த நாளில் சிறு கன்றாக நின்ற மரம் இருபது ஆண்டுகளில் ஓங்கி வளர்ந்து மழையை மறைக்கும். கணக்கைப் பார்ப்பவனோ மழை குறைந்ததென எண்ணுவான், குறைந்தது மழையன்று.

ஆதலாற் சைமன்ஸ் ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கணக்கான மானிகளைத் தம் கையாற் சோதித்தார். வாயின் விட்டத்தைப் பல திசைகளில் அளந்தார். அளவுகுழாயின் கோடுகளை ஒத்துப்பார்த்தார். சுற்றியுள்ள மரங்களின் தூரத்தையும் உயரத்தையும் குறித்தார். உயரத்தில் வைத்த மானி நிலத்தருகே உள்ளதைவிடக் குறைந்த மழையையே சேர்ப்பது நெடுங்காலப் புதிராக இருந்தது. பல அளவும் பல உயரமுமுடைய மானிகளை ஓரிடத்தில் நிறுத்தி அன்பர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய பரிசோதனைகளை அவர் நெறிப்படுத்தினார். உயரே வீசும் காற்று துளிகளைப் புனலுக்கு அப்பாற் கொண்டுசெல்வதே முதன்மையான காரணம் என்பது தெளிவாயிற்று. மானியின் வாய் நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் அமைதல் வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் நிலைபெற்றது.

காலை ஒன்பது மணிக்கு அளக்க வேண்டும் என்றும், அளந்த நீரை முந்திய நாளின் பெயரிலே எழுத வேண்டும் என்றும் அவர் விதித்தார். இவ்விதியை ஒருவர் மறந்தால் அவரது மழை முழுவதும் ஒருநாள் தள்ளிப்போகும். மாத முடிவிற் பெய்த பெருமழை அடுத்த மாதத்திற் சேர்ந்துவிடும். மழை பெய்யாத நாளும், அளக்காது விட்ட நாளும் ஒன்றல்ல என்பதையும் அளப்போர் உணர வேண்டியிருந்தது. அளக்காத நாளிற் பூச்சியத்தை இடுபவன் ஏட்டை அழகாக்குகின்றான், உண்மையை அழிக்கின்றான். அண்டை ஊர்களின் கணக்குகளை அருகருகே வைத்து நோக்கும்போது ஓரூர் மட்டும் விலகி நின்றால், சைமன்ஸ் அதனைத் தாமாகத் திருத்திவிடார். அளந்தவருக்கு மடல் எழுதி வினவுவார். தசமப் புள்ளி இடம் மாறியதோ, மானி வேறிடத்திற்கு மாறியதோ, அன்றி உண்மையாகவே அங்குத் தனி மழை பெய்ததோ என விசாரித்த பின்னரே முடிவு செய்வார்.

அவருடைய இல்வாழ்வும் இப்பணியோடு ஒன்றியே நடந்தது. மனைவியார் எலிசபெத் அம்மையார் கணக்குப் பணியிற் பெருந்துணை புரிந்தார். கம்டன் சதுக்கத்திலிருந்த அவர்தம் இல்லமே அலுவலகமும் அவதான நிலையமும் ஆயிற்று. 1878 இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1883 ஓகஸ்ற் மாதத்திற் கிரக்காத்தோவா எரிமலை வெடித்தபோது அதன் ஒலி இலங்கையிலும் கேட்டது. நம் தீவின் கரையோரத்திலும் கடல் பின்வாங்கி மீண்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த அச்செய்திகளை ஆராய அரச கழகம் அமைத்த குழுவுக்குச் சைமன்ஸே தலைவர். 1888 இல் வெளிவந்த அறிக்கையின் பதிப்பாசிரியரும் அவரே. 1900 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10 ஆந் திகதி அவர் உயிர்நீத்தார்.

அவர் வளர்த்த அமைப்பு 1919 இல் அரசாங்க வானிலை அலுவலகத்தின் பொறுப்பில் வந்தது. பழைய ஏடுகள் ஆவணக் காப்பகத்திற் பல்லாண்டுகள் உறங்கின. 2020 ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்தபோது, றெடிங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட் ஹோக்கின்ஸ் அவ்வேடுகளைக் கணினியிற் பதிக்கத் தொண்டர்களை அழைத்தார். ஏறக்குறைய 16,000 பேர் முன்வந்து, 65,000 தாள்களிலிருந்த 50 இலட்சத்துக்கு மேற்பட்ட அளவுகளைப் பதினாறு நாட்களிற் பெயர்த்தெழுதினர். ஒரே எண்ணைப் பலர் தனித்தனியே எழுதி ஒத்துப்பார்த்தமையாற் பிழைகள் வெளிப்பட்டன. 1677 தொடக்கம் 1960 வரையுள்ள கணக்குகள் இவ்வாறு மீண்டன. பிரித்தானியாவின் மழை வரலாறு 1836 வரை பின்னோக்கி நீண்டது. அவ்வரலாற்றில் 1855 ஆம் ஆண்டே மிக வறண்டது என்பதும் புலனாயிற்று. அழைப்பும் தொண்டும் சோதனையும் சைமன்ஸ் காட்டிய வழியே நடந்தன.

நம் நாடுகளிலும் அவர் பெயர் முற்றாக மறையவில்லை. ஐந்து அங்குல வாயுடைய எளிய மழைமானியை இந்தியப் பாடநூல்கள் இன்றும் சைமன்ஸ் மழைமானி என்றே குறிக்கின்றன. இலங்கையிற் கொழும்பு அவதான நிலையம் 1907 இல் நிறுவப்பட்டது. வளிமண்டலவியற் பணி அதன்வழி வளர்ந்தது. 1964 டிசெம்பரிற் சூறாவளி திருகோணமலையைத் தாக்கியதை நம்முள் மூத்தோர் அறிவர். அத்தகைய பெருமழை எத்தனை ஆண்டுக்கொருமுறை வரக்கூடும், குளக்கட்டு எவ்வளவு உயரமாக வேண்டும், களப்பைக் கடக்கும் பாலத்தின் கீழ் எவ்வளவு நீருக்கு வழி விடவேண்டும் என்பவற்றிற்கு ஊகத்தால் விடை காணல் ஆபத்து. ஐம்பது, நூறு ஆண்டுகள் இடையறாது எழுதப்பட்ட, பிழை நீங்கிய ஏடே விடை தரும். அவ்வேட்டில் ஒருவன் சோம்பலால் இட்ட பொய் எண், அவன் பேரனின் வயலை வெள்ளத்தில் அமிழ்த்தக்கூடும்.

சைமன்ஸ் புதிய கோளொன்றையும் கண்டாரல்லர். புதிய விதியொன்றையும் வகுத்தாரல்லர். பலர் கையால் எழுதிய சிறு எண்கள் ஒவ்வொன்றும் மெய்யாக இருத்தல் வேண்டும் என்று நாற்பது ஆண்டுகள் உழைத்தார். நம் கல்லூரியிற் பயிலும் மாணவரும் ஒரு மழைமானியை முற்றத்தில் நிறுத்தி, நாடோறும் தவறாது அளந்து, தமக்குப் பின் வருவோரிடம் அவ்வேட்டைக் கையளிப்பாராயின், வருங்கால விழா மலர்களுக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.