எல்லிஸ் ஆர். டங்கன்

தமிழ் பேச அறியாத ஒருவர் தமிழ்த் திரைப்படக் கலையின் இளமைக்காலத்தை வளப்படுத்தினார். அவரே எல்லிஸ் ஆர். டங்கன்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள பார்ட்டன் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் டங்கன் பிறந்தார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். உடன்பயின்ற எம்.எல். டாண்டனின் அழைப்பை ஏற்று 1935இல் இந்தியா வந்தார். சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்துடன் வந்தவர், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இங்கே பணியாற்றினார்.

அக்காலத் தமிழ்த் திரைப்படங்கள் பெரும்பாலும் மேடை நாடகங்களின் படப்பதிவுகளாகவே இருந்தன. கதைகள் புராணத்தைச் சார்ந்திருந்தன, பாடல்கள் மிகுந்திருந்தன, படப்பிடிப்புக் கருவி ஓரிடத்திலேயே நின்றது. டங்கன் அக்கருவியை நகரச் செய்தார். உரத்த குரலைவிட முகக்குறிப்பே திரையில் மிகுதியாகப் பேசும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவர் இயக்கிய ‘சதி லீலாவதி’ 1936இல் வெளிவந்தது. குடியால் சீரழிந்த ஒருவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கும் நிலையை அது காட்டியது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படமும் அதுவே.

மொழி அறியாமை டங்கனுக்கு உண்மையான குறையாகவே இருந்தது. உரையாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பெற்று, தமிழறிந்த உதவியாளர்களின் துணையுடன் அவர் இயக்கினார். 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யில் இளங்கோவனின் தமிழும் டங்கனின் காட்சியமைப்பும் இணைந்தன. ‘மீரா’ படத்திற்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையொன்றைச் செய்வித்தார். அதன்மீது பல கோணங்களில் ஒளி பாய்ச்சி ஆராய்ந்த பின்னரே, அவ்வம்மையாரின் முகத்தைப் படமாக்கினார்.

பாராட்டுடன் கண்டனமும் அவரைத் தேடிவந்தது. 1950இல் வெளிவந்த ‘பொன்முடி’யின் காதற்காட்சிகள் நம் மரபுக்கு ஒவ்வாதவை எனப் பலர் குறைகூறினர். அதே ஆண்டில் ‘மந்திரி குமாரி’ வெளிவந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதையைத் தழுவிய அப்படத்திற்கு மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். படம் நிறைவுறுமுன் டங்கன் தாயகம் திரும்ப நேர்ந்ததால், எஞ்சிய பகுதியை டி.ஆர். சுந்தரம் இயக்கி முடித்தார்.

தாயகத்தில் ஆவணப்படங்கள் எடுத்துவந்த டங்கன், 2001ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தம் 92ஆம் அகவையில் மறைந்தார். தமிழ் உரையாடலின் ஆற்றலால் புகழ்பெற்ற ‘மந்திரி குமாரி’யின் பெரும்பகுதியை இயக்கியவர், அவ்வுரையாடலின் பொருளைப் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தவர். தாம் அறியாததை அறிந்தவரிடம் கேட்டுப் பெற்றார். தாம் அறிந்ததைத் தமிழ்த் திரைக்கு வழங்கினார். அந்தக் கொடுக்கல் வாங்கலே அவரது வாழ்வின் சிறப்பு.